கத்தி ஒன்றே கதியா?

புற்று நோய் என்ற வார்த்தையை நம் வீடுகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. "அந்த வியாதி" என்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் பேச்சையே மாற்றிவிடுவார்கள். அதிலும் மார்பகத்தில் வருகிற புற்று நோய் என்றால் கேட்க வேண்டியதில்லை. பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. பயமாவது ஒருவேளை டாக்டரிடம் போகச் சொல்லும்; வெட்கமோ, போகாதே என்று கையைப் பிடித்து இழுக்கும். கட்டி தென்பட்ட பிறகும் மாதக்கணக்கில் அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்து, அது புண்ணாகிப் போன பிறகே ஆஸ்பத்திரிக்கு வரும் ஸ்திரீகளைப் பற்றி நம் நாட்டு டாக்டர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

இவ்வாறு தாமதிப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: "போனால் அறுத்து எடுத்துவிடுவார்களே!" இந்தப் பயத்தை அறியாமை என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அது நியாயமல்ல. ஏனெனில், அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் பூரண ஆதாரம் இருந்தது. அந்த ஆதாரம் இன்றைக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது, மார்பகத்தைக் காப்பாற்றிக்கொண்டே உயிரையும் காப்பாற்றிக்கொள்ள முடியுமா, கத்தியே படாமல் குணமாக வழியுண்டா என்பவற்றை இந்த வாரம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

இந்தக் கேள்வியைச் சென்னையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கேட்பது ஒரு விதம். குயிலாப்பாளையத்தில் இருந்துகொண்டு கேட்பது வேறு விதம். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுச் சற்று மேற்கே ஏறினால், செம்மண்ணும் முந்திரித் தோப்புமாகக் காட்சியளிக்கும் ஊர் அது. 1968-ஆம் வருஷத்தில் பக்கத்தில் ஆரோவில் நகரம் தோன்றியதிலிருந்து, உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் மனிதர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுடன் நாலா திசை வைத்திய முறைகளும் வந்திருக்கின்றன. வடக்கே கடலோரமாகவே போனால் மரக்காணத்து உப்பளங்கள். உச்சி வெயிலில் பாத்திகள் கண்ணைப் பறிக்க, ஸ்திரீகள் தலையில் உப்புக் கூடையைச் சுமந்து வரப்பில் வரிசையாக நடப்பார்கள். வெயில் காயும் மாதங்களில்தான் அங்கே கூலி. மழை தொடங்கிவிட்டால் பாத்தியும் இல்லை, கூலியும் இல்லை.

இந்தக் கரையில் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். குடும்பத் தலைவிக்கு 45 வயது. குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலியில்லை. இரண்டு மாதம் கழித்து வீட்டில் சொல்கிறாள். உடனே மந்திராலோசனை கூடுகிறது. "கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும், அண்ணி! இலை வைத்துக் கட்டிக் கரைக்கிறவர் ஒருவர் இருக்கிறார்" என்கிறாள் நாத்தனார். "முழுக்க எடுத்துவிடச் சொல், அக்கா. பாதி வைத்தியம் ஆபத்து" என்கிறான் பட்டணத்திலிருந்து வந்த தம்பி. இருவருக்கும் அவளிடம் அன்பு உண்டு. இருவரும் சொல்வது தவறு. தம்பியின் தவறுக்கு ஒரு பெரிய சரித்திரம் இருப்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

பெரிய கத்தியின் காலம்

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற மகா நிபுணர் இருந்தார். மார்பகப் புற்று நோய்க்குத் தாம் செய்த சஸ்திர சிகிச்சையின் பலன்களை அவர் 1894-ல் வெளியிட்டார். மார்பகம் முழுவதையும், அதன் கீழே நெஞ்சிலுள்ள தசைகளையும், அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்துவிடுவதே அவருடைய முறை. கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் ஹால்ஸ்டெட் கொடியவர் அல்ல. அதற்கு முன்பெல்லாம் கட்டியை எடுத்த இடத்திலேயே மறுபடி கட்டி முளைத்துவிடும். அவருடைய முறையில் அது வெகுவாகக் குறைந்தது. புற்று நோய் என்பது குளத்தில் கல்லெறிந்தால் அலை பரவுவது போல, நடுவிலிருந்து வட்டம் வட்டமாக, ஒழுங்காகப் பரவுகிறது என்பது அவருடைய கொள்கை. அப்படியானால் கடைசி அலைக்கும் அப்பால் வெட்டுகிறவனே வெற்றி பெறுவான் அல்லவா?

ஏறக்குறைய எண்பது வருஷ காலம் உலகமெங்கும் இதுவே வேதவாக்காக இருந்தது. பிழைத்த ஸ்திரீகள் குழிந்த நெஞ்சோடும், பலர் வீங்கிய கையோடும் வாழ்ந்தார்கள். நம் பாட்டிமார் கண்ட காட்சி இதுதான். "அறுத்து எடுத்துவிடுவார்கள்" என்ற பயம் இங்கிருந்து பிறந்தது.

ரேடிய ஊசி

இந்தக் கொள்கையின் மீது முதலில் கல்லெறிந்தவர்களில் ஒருவர் லண்டன் ஸெயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஜெஃப்ரி கெயின்ஸ். இவருடைய தமையனார் ஜான் மேனார்ட் கெயின்ஸ் நமக்குத் தெரிந்தவரே. இந்தியா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். நம் ரூபாயின் போக்கைப் பற்றி 1913-ல் ஒரு புத்தகமே எழுதியவர். தமையனார் நாணயத்தை ஆராய்ந்தார் என்றால், தம்பி ஜெஃப்ரி ரேடியத்தை ஆராய்ந்தார்.

1920-களில் இவர் ரேடியம் அடங்கிய மெல்லிய ஊசிகளைக் கட்டியைச் சுற்றிலும் செருகிச் சில நாட்கள் வைத்திருந்து பிறகு எடுத்துவிட்டார். கட்டிகள் சுருங்கின. சிலருக்குக் கட்டியை மாத்திரம் எடுத்து, சுற்றிலும் ரேடியத்தை வைத்தார். மார்பகம் நின்றது. 1937-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் தம் அநுபவத்தை அவர் வெளியிட்டபோது, பெரிய சஸ்திர சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு நிகராகத் தம்முடைய நோயாளிகளும் பிழைத்திருப்பதை எடுத்துக் காட்டினார். வைத்திய உலகம் நம்பவில்லை. பிறகு யுத்தம் வந்தது; கெயின்ஸ் விமானப் படைக்கு வைத்தியம் பார்க்கப் போய்விட்டார். ரேடிய ஊசி பெட்டிக்குள் போயிற்று.

கெயின்ஸ் சொன்னது சரியா, தவறா? இதை விவாதத்தால் தீர்க்க முடியாது. இரண்டு பெரிய பரீட்சைகளே தீர்த்து வைத்தன.

இத்தாலியில் மிலான் நகரத்தில் உம்பெர்ட்டோ வெரோனேஸி என்பவர் 1973 முதல் 1980 வரையில், இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியுள்ள 701 ஸ்திரீகளைச் சேர்த்துக்கொண்டார். திருவுளச்சீட்டுப் போட்டது போல், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது தற்செயலாகவே நிர்ணயிக்கப்பட்டது. ஒரு சாராருக்கு ஹால்ஸ்டெட் முறை. மற்றொரு சாராருக்கு, கட்டி இருந்த கால் பாகத்தையும் அக்குள் கணுக்களையும் மட்டும் எடுத்துவிட்டு, எஞ்சிய மார்பகத்துக்குக் கிரண சிகிச்சை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து பெர்னார்ட் ஃபிஷர் 1976-ல் தொடங்கி, நாலு சென்டிமீட்டர் வரை கட்டியுள்ள 1,851 ஸ்திரீகளை மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு மார்பகம் முழுவதும் எடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவுக்குக் கட்டி மட்டும் எடுக்கப்பட்டது. மூன்றாவது பிரிவுக்குக் கட்டி மட்டும் எடுக்கப்பட்டுக் கிரண சிகிச்சையும் கொடுக்கப்பட்டது.

இருவரும் இருபது வருஷம் காத்திருந்தார்கள். 2002 அக்டோபரில் இரண்டு முடிவுகளும் ஒரே பத்திரிகையின் ஒரே இதழில் வெளியாயின. உயிர் பிழைத்திருப்பதில் எந்தப் பிரிவுக்கும் எந்தப் பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை! மார்பகத்தை இழந்தவர்கள் அதற்கு ஈடாக ஒரு நாள் ஆயுளும் அதிகம் பெறவில்லை.

காரணம் என்ன? புற்று நோய் குளத்து அலையைப் போல ஒழுங்காகப் பரவுவதில்லை என்பதே ஃபிஷரின் வாதம். பரவக் கூடிய நோயாக இருந்தால், கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்பே சில அணுக்கள் இரத்தத்தின் வழியே வெளியேறியிருக்கலாம். அவற்றை நெஞ்சில் எவ்வளவு அகலமாக வெட்டினாலும் பிடிக்க முடியாது; உடம்பு முழுவதும் போகிற மருந்தினால்தான் பிடிக்க வேண்டும். பரவாத நோயாக இருந்தால் சின்ன வெட்டே போதும். ஆக இரண்டு விதத்திலும் பெரிய வெட்டுக்கு அவசியம் இல்லை.

"முழுக்க எடுத்துவிடச் சொல், அக்கா" என்ற தம்பிக்கு இதுவே பதில்.

பாதி வைத்தியம் எது?

ஆனால் இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஃபிஷரின் பரீட்சையில் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கிரண சிகிச்சை பெறாதவர்களில், இருபது வருஷத்துக்குள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் மறுபடியும் நோய் வந்தது. கிரண சிகிச்சை பெற்றவர்களில் அது நூற்றுக்கு 14 பேருக்கே வந்தது. பிற்பாடு 2011-ல், 17 பரீட்சைகளில் சேர்ந்த 10,801 ஸ்திரீகளின் கணக்கை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கிரண சிகிச்சையினால் நோய் திரும்புவது பாதியாகக் குறைவதோடு, பதினைந்து வருஷத்தில் அந்நோயால் இறப்பவர் தொகையும் நூற்றுக்கு 25-லிருந்து 21 ஆகக் குறைவது தெரிந்தது.

வயலில் கோரையைக் கையால் பிடுங்கினால் கண்ணுக்குத் தெரிந்த செடி வந்துவிடும். மண்ணுக்குள் கிழங்குகள் நின்றுவிடும். கட்டியை எடுப்பது செடியைப் பிடுங்குவது. எஞ்சிய அணுக்களைக் கிரணம் தீர்க்கிறது. கிரணம் அணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. நல்ல அணுக்கள் மறு நாளைக்குள் பெரும்பாலும் பழுது பார்த்துக்கொள்கின்றன. புற்று அணுக்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அதனால்தான் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுக்காமல் பல நாட்களாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

ஆகவே, மார்பகத்தைக் காக்கும் சிகிச்சை என்பது 'சஸ்திர சிகிச்சை இல்லாத சிகிச்சை' அல்ல. சின்ன சஸ்திர சிகிச்சையும் கிரணமும் சேர்ந்த ஜோடி அது. ஜோடியைப் பிரித்து, கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவதே உண்மையில் பாதி வைத்தியம்.

இது எல்லோருக்கும் பொருந்துவதுமில்லை. ஒரே மார்பகத்தில் வெவ்வேறு இடங்களில் பரந்து கிடக்கும் கட்டிகள், மார்பகத்தின் அளவுக்கு மிஞ்சிய பெரிய கட்டி, மார்பகம் முழுவதும் சிவந்து வீங்கும் உக்கிரமான வகை, முன்பே அதே நெஞ்சில் கிரண சிகிச்சை பெற்றிருத்தல் ஆகிய சந்தர்ப்பங்களில் முழுவதும் எடுப்பதே பெரும்பாலும் உசிதம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்குக் குழந்தை பிறக்கும் வரை கிரணம் கூடாது. அப்படிப்பட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. முழுவதும் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஆயுள் குறைவு என்று யாரும் சொல்லவில்லை. இன்றைய முழு சிகிச்சையும் நெஞ்சுத் தசையைத் தொடாத, ஹால்ஸ்டெட் முறையைவிட எவ்வளவோ சிறிய சிகிச்சைதான். அக்குளிலும்கூட, முதலாவதாக நிணநீர் போய்ச் சேரும் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துப் பரிசோதித்து, அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். கை வீங்கும் தொல்லை அதனால் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அடையாற்றுக் குடிசைகள்

இவையெல்லாம் மேல் நாட்டார் செய்தவைதானே, நம் தேசம் என்ன செய்தது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியைத் தமிழர்கள் பல காரணங்களுக்காக அறிவார்கள். சென்னை வைத்தியக் கல்லூரியில் 1907-ல் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றவர். சட்ட சபையின் உபதலைவராக வீற்றிருந்தவர். 1930-ல் மகாத்மா கைது செய்யப்பட்டபோது சட்ட சபைப் பதவியை உதறியவர். அவருடைய தங்கையைப் புற்று நோய் கொண்டுபோயிற்று. அந்த நோய் முதலில் சாதாரண வயிற்றுக் கடுப்பு என்று எண்ணப்பட்டதாம். அந்தத் துக்கம் அவர் மனத்தில் ஆறவே இல்லை. 1935-ல் சென்னை வைத்தியக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே, தென்னாட்டுக்கு ஒரு புற்று நோய் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அவர் குரல் எழுப்பினார். இந்திய மாதர் சங்கம் நிதி திரட்டியது. 1952-ல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு, ஓரிரு குடிசைகளில் ஆஸ்பத்திரி பிறந்தது. குணமாகாத நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள்.

அம்மையாரின் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் அங்கே வந்து சேர்ந்து 2021-ல் காலமாகும் வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அந்தக் குடிசைகளைப் பெரிய ஸ்தாபனமாக்கினார்கள். 1950-களின் பிற்பகுதியிலேயே கோபால்ட் கிரண யந்திரம் அங்கே வந்துவிட்டது. இந்நாட்டு ஸ்திரீகள் பெரிய கட்டியோடு வருகிறவர்கள் என்பதைக் கண்ட அவர்கள், முதலில் கத்தியை எடுக்காமல், மருந்தையும் கிரணத்தையும் முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு சஸ்திர சிகிச்சை செய்யும் முறையைப் பல்லாண்டு கையாண்டார்கள். 1990 முதல் 1999 வரையில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 1,117 ஸ்திரீகளின் வரலாற்றை 2008-ல் டாக்டர் சாந்தாவும் சகாக்களும் வெளியிட்டார்கள். எடுத்த பாகத்தைப் பரிசோதித்தபோது, கணிசமானவர்களிடத்தில் உயிருள்ள புற்று அணுவே காணப்படவில்லை. அவர்களே நெடுங்காலம் நன்றாக வாழ்ந்தவர்கள். மருந்தை முதலில் கொடுப்பது இன்றைக்கு உலகமெங்கும் வழக்கமாகிவிட்டது. முன்பு முழுவதும் எடுக்க வேண்டியிருந்த மார்பகத்தை, கட்டி சுருங்கிய பின் காப்பாற்றவும் பலருக்கு அது இடம் கொடுக்கிறது.

கத்தியே வேண்டாமா?

கட்டி மருந்தினாலேயே அடியோடு மறைந்துவிட்டால், பிறகு எதற்குக் கத்தி? இது குறும்புக் கேள்வியல்ல; பெரிய ஆராய்ச்சியாளர்களே இன்று கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து எம். டி. ஆண்டர்சன் ஆஸ்பத்திரியில், மருந்துக்கு நன்றாக வசப்படும் குறிப்பிட்ட வகைப் புற்று உள்ள 50 ஸ்திரீகளுக்கு மருந்துக்குப் பிறகு ஊசி போட்டுப் பல இடங்களில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். 31 பேரிடம் நோயின் சுவடே இல்லை. அவர்களுக்குச் சஸ்திர சிகிச்சை செய்யாமல் கிரண சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். 2022-ல் வெளியான முடிவின்படி, ஏறக்குறைய இரண்டு வருஷங்களுக்கு மேல் கவனித்ததில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. இன்னொரு பரீட்சையில், 60 வயதுக்கு மேற்பட்ட 194 ஸ்திரீகளின் ஒன்றரை சென்டிமீட்டருக்கு உட்பட்ட சாதுவான கட்டிகளை, ஊசி வழியே கடுங்குளிரைச் செலுத்தி உறைய வைத்தே அழித்தார்கள். ஐந்து வருஷத்தில் நூற்றுக்கு நாலு பேருக்குச் சற்று அதிகமானவர்களுக்கே அதே இடத்தில் நோய் திரும்பியது. மிக முதிர்ந்து, சஸ்திர சிகிச்சையைத் தாங்க முடியாதவர்களுக்கு மாத்திரையால் மட்டுமே கட்டியை அடக்கி வைப்பதும் உண்டு.

சந்தோஷமான செய்திகள்தான். ஆனால் முதல் பரீட்சையில் 31 பேர். ஃபிஷருடையதில் 1,851 பேர், இருபது வருஷம். இந்த வித்தியாசத்தை மறக்கலாகாது. பரீட்சைக்கு வெளியே, வசதியில்லாத இடத்தில், கட்டி கரைந்துவிட்டது என்று கையால் தடவிப் பார்த்து முடிவு கட்டிக் கத்தியை விலக்குவது உயிரோடு சூதாடுவதாகும்.

இலை வைத்துக் கட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். நாட்டு வைத்தியத்தை இகழ்வது நம் நோக்கமல்ல. ஆனால் 2018-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கு, வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியத்தை மட்டுமே நம்பிய மார்பகப் புற்று நோயாளிகள், சிகிச்சை பெற்றவர்களைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் சாவுக்கு ஆளானதாகக் காட்டுகிறது. இவர்களில் அநேகர் படித்தவர்கள், பணம் உள்ளவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. குயிலாப்பாளையத்து மந்திராலோசனையில் இலைக்காரர் பேச்சை நம்பினாலும், பக்கத்து நகரத்து நவநாகரிக உணவுக்காரர் பேச்சை நம்பினாலும் முடிவு ஒன்றுதான். கத்தியோ ஊசியோ பட்டால் நோய் பரவும் என்பதும் உண்மையல்ல. காலம் கடந்து கத்தி பட்டவர்கள் இறந்ததைக் கண்டு, காலத்தின் குற்றத்தை ஜனங்கள் கத்தியின் மேல் போட்டார்கள்.

பஸ் கட்டணம் தீர்மானிக்கலாமா?

இனி நம் உப்பளத்துச் சகோதரியிடம் திரும்புவோம். அவளுடைய கட்டி இரண்டரை சென்டிமீட்டர் என்றும், மார்பகத்தைக் காப்பாற்றலாம் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முன்னாட்களில் கிரண சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து வாரம், அதாவது 25 நடை. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி சுமார் 35 கிலோமீட்டர். போக ஒரு பஸ், வர ஒரு பஸ்; துணைக்கு ஒருவர்; இருவருக்கும் அன்றைய கூலி போச்சு. உப்பு வாரும் பருவமானால் வருஷத்து வருமானத்தில் பெரும் பங்கு போச்சு. அவள் என்ன சொல்வாள்? "முழுக்க எடுத்துவிடுங்கள், ஐயா. ஒரே தடவையோடு போகட்டும்!" டாக்டரும் தலையசைப்பார். சம்மதப் பத்திரத்தில் கை நாட்டு விழும். அவள் தானாகவே விரும்பியதாகக் காகிதம் சொல்லும். ஆனால் தீர்மானித்தது பஸ் கட்டணம்.

இந்த அநியாயத்தை விஞ்ஞானம் பெரிய அளவுக்குக் குறைத்திருக்கிறது. பிரிட்டனிலும் கானடாவிலும் நடந்த பரீட்சைகளுக்குப் பிறகு ஐந்து வாரம் மூன்று வாரமாயிற்று. 2020-ல் பிரிட்டனில் 4,096 பேரைக் கொண்ட பரீட்சை ஒன்று, ஒரே வாரத்தில் ஐந்து தடவை கொடுத்தாலும் ஐந்து வருஷப் பலன் மூன்று வாரச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. 25 நடை எங்கே, 5 நடை எங்கே! மாளிகையில் இருப்பவளுக்கு இது வசதி. உப்பளத்தில் இருப்பவளுக்கு இது மார்பகத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை. எல்லோருக்கும் ஒரு வார முறை பொருந்தாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் வழக்கத்துக்கு வந்துவிடவும் இல்லை. ஆனால் "எனக்குக் குறுகிய முறை பொருந்துமா?" என்று கேட்பதற்கு யாருக்கும் தடையில்லை.

இந்தக் கரைக்கு ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வம்சத்தில் வந்த ஜிப்மர் ஆஸ்பத்திரி புதுச்சேரியில் இருக்கிறது. கிரண சிகிச்சையும் அங்கே உண்டு. குயிலாப்பாளையத்தாருக்கு அது சொற்ப நேரப் பிரயாணம். தமிழ்நாட்டு சர்க்காரின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்று நோய்ச் சிகிச்சையும் அடங்கியிருக்கிறது. நம் அணுசக்தி நிபுணர்கள் பாபாட்ரான் என்ற கோபால்ட் யந்திரத்தை இந்நாட்டிலேயே செய்து, அந்நிய தேசத்துக்கும் அளித்திருக்கிறார்கள். ஆனால் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கும். இழந்த கூலியைக் கொடுக்காது. நோயாளியும் துணையும் ஒரு வாரமோ மூன்று வாரமோ தங்க ஓர் அறை, இரண்டு வேளைச் சாப்பாடு: இதற்கு யந்திரமும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். கல்யாணச் சத்திரங்களுக்கு அள்ளிக் கொடுக்கும் கைகள் இதற்கும் கொஞ்சம் கொடுத்தால் போதும்.

வீட்டுக்கு வீடு

கட்டி சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால்தான் மேலே சொன்ன பேச்செல்லாம் பயன்படும். இதற்கும் நம் நாட்டிலேயே ஒரு பெரிய பரீட்சை நடந்திருக்கிறது. பம்பாயில் 1941-ல் ஏற்பட்ட டாடா ஞாபகார்த்த ஆஸ்பத்திரியினர், 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 ஸ்திரீகளை இருபது வருஷம் கவனித்தார்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியப் பெண்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையாலேயே மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். விலையுயர்ந்த படக் கருவி எதுவும் இல்லை. 2021-ல் வெளியான முடிவின்படி, நோய் முற்றாத நிலையிலேயே அதிகம் பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் அந்நோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. இளையவர்களிடம் மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆயினும், பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கை எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

ஆகையால் வாசகர்களின் குடும்பங்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். வலியில்லாத கட்டி என்று அலட்சியம் செய்ய வேண்டாம். புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மார்புத் தோலில் குழி விழுதல், காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், அக்குளில் கட்டி ஆகிய எதைக் கண்டாலும் அதே வாரத்தில் டாக்டரிடம் காட்டுங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்று நோயே அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்து நோய் இன்னதென்று நிச்சயமாகும் முன் கத்திக்குச் சம்மதிக்க வேண்டாம். நிச்சயமான பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மார்பகத்தைக் காக்க முடியுமா? முடியாதென்றால் ஏன்? மருந்தை முதலில் கொடுத்தால் முடியுமா? இந்தக் கேள்விகளால் நல்ல டாக்டர் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கும், தெருவில் உப்பு விற்க வரும் பெண்ணுக்கும் இந்தக் கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். எழுத்து அவர்களுக்குத் தெரியாதிருக்கலாம். கேள்வி கேட்கத் தெரியும். 1930-ல் ஒரு பிடி உப்புக்காக இந்தத் தேசத்து ஸ்திரீகள் சிறை சென்றார்கள். அந்த உப்பை இன்றும் தலையில் சுமப்பவளுக்கு, தன் உடம்பைப் பற்றித் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் வந்து சேரவேண்டாமா?